வெறுஞ்சட்டி

திரேஸ்புரம் ரோடு,
தூத்துக்குடி.
மார்கழி கடைசி வாரம்.

அன்புள்ள மகன் பாலகணேஷுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் அனுசியாவும் சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதைப் பழைய பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கிற போஸ்டரில் உன் பெயரைக் கொட்டை எழுத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டோம், அதற்கு மேல் தெரிந்துகொள்ள நீ வழி வைக்கவில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ 'ம்' போடுகிறாய், நாலைந்து 'ம்' ஆனதும் 'அம்மா, மீட்டிங்' என்கிறாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது, படித்துத்தான் ஆகவேண்டும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி அனுசியா எழுதுகிறாள். லீவு முழுக்க நூலகத்துப் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தவள் என்பதால் என் பேச்சை அப்படியே எழுத அவளுக்குக் கை வரவில்லை, நான் 'கூறுகெட்டவன்' என்றால் பேனாவை நிறுத்திவிட்டு 'சிந்தனையற்றவன்னு போடட்டுமாம்மா' என்று கேட்கிறாள். கூறுகெட்டவன் என்றே போடச் சொல்லியிருக்கிறேன். அடுத்தவர் பேசினதை மட்டும் அவர்கள் பேசினபடியே எழுதுகிறாள், அதில் கெட்டிக்காரி. அப்படிக் காது கொடுத்துக் கேட்கிற புத்தி உனக்கும் சின்ன வயதிலேயே இருந்தது. அதை நீ எங்கே கொண்டுபோய் விற்றாய் என்பதுதான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் உன் படத்தை இரண்டு தடவை பார்த்ததில் வேறு நோய் வந்திருக்கிறது. படத்தில் அவராக வருகிற நடிகருக்கு முறுக்கு மீசை என்பதால் இவரும் சலூனுக்குப் போய் இருக்கிற நாலு முடியை முறுக்கிவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், சோப்பு வாங்க வருகிறவர்களிடம் 'படத்துல வார கடைக்காரரு நான்தான்' என்கிறார், அவர்கள் மீதிச் சில்லறைக்காக நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். மழையில் பின்கட்டுச் சுவர் ஊறிப்போய் உப்பு மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றிவைத்தோம். மாப்பிள்ளையூரணியிலிருந்து உனக்கு ஒரு வரன் வந்தது, பெண் பேங்கில் வேலை பார்க்கிறாள், நல்ல குடும்பம். பெண்ணின் அம்மா உன் படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள், காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே 'நீங்க மெய்யாவே வெளக்கமாத்தாலதான் அடிப்பீகளா' என்று கேட்டாள். படத்தில் நான் உன் அப்பாவை மூன்று இடத்தில் விளக்குமாற்றால் அடிக்கிறேன், மூன்று இடத்திலும் தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது. இந்த வீட்டில் விளக்குமாறு பெருக்குவதற்கு மட்டும்தான் இருக்கிறது என்று சொன்னேன், அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை, காப்பியை வைத்துவிட்டுப் போனவள் போனவள்தான். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாத செய்தி இரண்டு. கிளாடிஸ் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் மகள் ஷெர்லின் மாமியார் வீட்டை விட்டு வந்து அம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டுக்கும் காரணம் உன் 'மார்கழிக் கூட்டாளி' படம்.

நீ போனில் என்ன சொன்னாய் என்று ஞாபகப்படுத்துகிறேன். 'அம்மா, இது நம்ம ஊருக் கதை, கிறிஸ்மஸ் லீவுல நடக்குத கதை, நீயும் கிளாடிஸ் அத்தையும்தான் இதுல ஹீரோயின், ஷெர்லின், அவ மாமியாரு எல்லாரையும் கூட்டிட்டுப் போ, சிரிச்சு அழுதுட்டு வருவிய' என்றாய். பெற்ற பிள்ளை சொல்கிறானே என்று நானே போய் எல்லாரையும் அழைத்தேன். ஷெர்லினும் அவள் மாமியாரும் முன் வரிசையில், எனக்கு ஒரு பக்கம் கிளாடிஸ், மறுபக்கம் அனுசியா, கடைசியில் அப்பா. படம் ஆரம்பித்ததும் எனக்குக் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன், மஞ்சள்காமாலைக்காரன் எடுத்த மாதிரி எல்லாமே மஞ்சள். என் கடை மஞ்சள், கடல் மஞ்சள், கிளாடிஸ் கூடையில் இருக்கிற மீன்கூட மஞ்சள். பழைய காலம் என்றால் மஞ்சளாக இருக்கும் என்று உனக்கு யார் சொன்னது. நம் கடை அப்போதும் டியூப்லைட்டுக்குக் கீழே நீலம் பாரித்துத்தான் கிடந்தது, எண்ணெய் டின்னுக்குப் பின்னால் எலி குட்டி போட்டிருந்தது, அந்தக் குட்டிகளுக்கு நீ பெயர் வைத்தாய், படத்தில் ஒரு எலியைக் காணோம். கிளாடிஸாக வருகிற பெண் தலை நிறையக் கனகாம்பரமும் கழுத்தில் பீரோச் சாவி அளவுக்குச் சிலுவையுமாக மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடி வருகிறாள், கூடையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. கிளாடிஸ் கூடையைத் தூக்கி நடந்தால் தோளில் வழிகிற தண்ணீருக்கு அவள் திட்டுகிற திட்டைப் பாட்டாகப் போட்டிருந்தால் சென்சாரில் ஒரு வரி மிஞ்சியிருக்காது. நானாக வருகிறவள் புருஷனையும் ஏலே என்கிறாள், பெண்பிள்ளையை ஏளா என்கிறது தெரியாமல் கிளாடிஸையும் ஏலே என்கிறாள், கடைப் பிள்ளையாரையும் ஏலே என்கிறாள். கிளாடிஸ் என் காதுக்குள் 'ஏளா சீனி, இவ்வளவு காசு செலவழிச்சி ஒனக்கு ஏன் ஒரு பைத்தியக்காரியப் புடிச்சிப் போட்டிருக்கான்' என்று கேட்டாள். 'எனக்காவது பைத்தியம், ஒன்னப் பாரு, மீன் விக்கப் போறியா, சடங்குக்குப் போறியா' என்று நான் சொன்னேன். அதுவரைக்கும் நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். கடைசிக் காட்சியில் இரண்டு பேரும் கடற்கரையில் கை கோத்து நிற்கச் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. பின் வரிசைப் பையன்கள் 'ஏலே, இத கேரளாவுல எடுத்திருக்கான்லே' என்று விசிலடித்தார்கள். தூத்துக்குடியில் பிறந்து, சூரியன் கடலிலிருந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கி வளர்ந்தவன் நீ. அந்த விசிலுக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஆனால் அதற்கு முன்பே என் தலை குனிந்தாகிவிட்டது.

பொருந்தாத இரண்டு பேர் பண்டிகைக் காலத்தில் கூட்டாளி ஆகிறார்கள், இதுதானே உன் கதை. உன் படத்தில் நானும் அவளும் ஒரே மழைக்கு ஒரே கூரையின் கீழ் ஒதுங்குகிறோம், ஒரு பாட்டு வருகிறது, மழை விடும்போது சிநேகிதிகள் ஆகிவிடுகிறோம். இவ்வளவு சுலபமாக ஆகிற சிநேகிதத்தை நான் தெருவில் கிடந்தாலும் எடுக்க மாட்டேன். நடந்தது உனக்குத் தெரியும், உனக்கு மறந்திருந்தால் அனுசியாவுக்காவது தெரியட்டும் என்று சொல்கிறேன், அவள் அப்போது பிறக்கவில்லை. கிளாடிஸ் நம் கடைப் படியில் மீன் கூடையை இறக்கி விற்பாள். வெள்ளிக்கிழமை கருப்பட்டி வாங்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். நான் வாசல் தெளிக்கிற சாக்கில் ஒரு வாளித் தண்ணீரை அவள் காலடியில் ஊற்றுவேன். அவள் நகராமல் நின்று 'ஊத்து, கடலே என் காலடியிலதான் கெடக்கு, ஒன் வாளி என்ன செஞ்சிரும்' என்பாள். அவள் புருஷன் கப்பல் வேலை என்று கொச்சிக்குப் போனவன், ஒரு கடுதாசி இல்லை, ஒரு போன் இல்லை. தபால்காரர் நம் கடையில்தான் சைக்கிளை நிறுத்துவார் என்பதால் ஷெர்லின் பள்ளிக்கூடம் விட்டதும் கடை வாசலில் வந்து நிற்பாள், உன்னோடு நாலாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவள். உன் அப்பாவுக்கு ஒரு பிள்ளையின் முகம் வாடினால் தாங்காது, வாயில் வந்ததைச் சொல்லிவிடுவார், அந்த வாய்தான் உனக்கும் வந்திருக்கிறது. ஒரு டிசம்பரில் 'கிறிஸ்மஸுக்கு ஒங்கப்பா பார்சல் அனுப்புதாராம்ளா, தபால்காரரு சொன்னாரு' என்று சொல்லி ஒரு தேன்மிட்டாயையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். பொழுது சாய்வதற்குள் திரேஸ்புரம் முழுக்கச் செய்தி. கிளாடிஸ் மீன் வெட்டுகிற கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் வந்து நின்றாள். 'ஏ கடைக்காரம்மா, ஒம் புருஷன் வாயால அனுப்புன பார்சல நீ கையால கட்டிக் குடு, இல்லன்னா எம் பிள்ளகிட்ட நீயே வந்து இல்லன்னு சொல்லு' என்றாள். கடையில் உட்கார்ந்துகொண்டு உண்டு என்று சொன்ன சரக்கைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். துறைமுகம் பக்கம் கப்பல் சாமான் விற்கிற கடைக்குப் போய், மூடியில் காற்றாலைப் படம் போட்ட நீலத் தகர டப்பாவில் பிஸ்கட்டும், ஒரு வாசனைச் சோப்பும், கண் மூடித் திறக்கிற பொம்மையும் வாங்கிவந்தேன். பின்கட்டில் உப்பு மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பேரும் உட்கார்ந்து கட்டினோம், கட்டும்போதும் சண்டைதான், 'இப்பிடிக் கட்டுனா நம்மூரு சீனிப் பொட்டணம் மாதிரி இருக்கு, சீமையில இருந்து வந்த மாதிரி கட்டுளா' என்று அதட்டினாள். வாழ்த்து அட்டையில் எழுத ஆள் வேண்டும். அப்பாவின் எழுத்து ஊருக்கே தெரியும், கிளாடிஸுக்கு எழுத வராது, என் எழுத்து கோழி கிளறினது. கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கிவந்த உன்னை உட்கார்த்திச் சாய்த்துச் சாய்த்து எழுதவைத்தோம். யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று தராசுத் தட்டைத் தொட்டுச் சத்தியம் செய்தாய். கடைக்காரன் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

ஒரு தடவை என்று நினைத்துக் கட்டினது, ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கட்டும்படி ஆயிற்று. ஷெர்லின் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த வருஷம் பார்சல் வருமா என்று கேட்கவில்லை, நாங்களும் கட்டவில்லை, யாரும் ஒன்றும் பேசாமலே அது நின்றது. அவள் கல்யாணத்தில் அப்பா கப்பலுக்குப் போனவர், தகவல் இல்லை என்று சொன்னோம், அதில் பொய் இல்லை. அந்த நீல டப்பாவை மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தாள், அவள் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் 'மருமவளோட அப்பா சீமையில இருந்து அனுப்புனது' என்று காட்டுவாள்.

இதனால் நானும் கிளாடிஸும் கூட்டாளி ஆகிவிட்டோமா என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்களை விடாமல் பிடித்துவைத்தது என் தூக்குச்சட்டிதான், உன் ஆச்சி எனக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தது, மூடியில் என் பெயர் வெட்டியிருக்கும். அந்த வருஷப் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலை அதில் போட்டு அனுப்பினேன். அடுத்த வீட்டுச் சட்டி வந்தால் அதை வெறுமனே திருப்பக் கூடாது, இது அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அவள் கருவாடு போட்டு அனுப்பினாள், நான் அதிரசம் போட்டு அனுப்பினேன், கிறிஸ்மஸுக்குக் கலகலாவும் அச்சு முறுக்கும் வந்தன, இப்படியே போய் வந்து போய் வந்து யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் இத்தனை வருஷம் ஓடிவிட்டது. பேசாமல் இருந்த காலமும் உண்டு. குழாயடியில் சண்டை வந்த வருஷம் சட்டி நிறையக் கல்லுப்பு வந்தது, நான் காய்ந்த மிளகாயைப் போட்டுத் திருப்பினேன். இன்னொரு தடவை வெள்ளிக்கிழமையாகப் பார்த்து உயிர் நண்டு ஒன்றைப் போட்டு மூடி அனுப்பினாள், நான் மூடியைத் திறக்க அது அடுப்படி முழுக்க ஓடி உன் அப்பா அரிசிப் பானை மேல் ஏறி நின்றார். எவ்வளவு கோபம் என்றாலும் வெறுஞ்சட்டி வந்ததில்லை. வெறுஞ்சட்டி வந்தால் உன் வீட்டு உறவு போதும் என்று அர்த்தம், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை. இது திரேஸ்புரத்தில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும், உனக்குத் தெரியவில்லை. உன் படத்தில் இடைவேளைக்கு முன்னால் அந்தக் கனகாம்பரக்காரி என் சட்டியைத் திருப்பித் தருகிறாள், திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. 'வெறுஞ்சட்டி இல்லக்கா, இதுக்குள்ள என் அன்பு இருக்கு' என்கிறாள், வயலின் அழுகிறது, தியேட்டரில் நாலு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். கிளாடிஸ் என் தொடையில் தட்டி 'ஏளா, எவளாவது வெறுஞ்சட்டியக் கொடுத்துட்டு அன்புன்னு சொல்லுவாளா, ஒம் பிள்ளைக்கு என்ன கேடு' என்றாள். அவள் என்னிடம் ஏளா என்று பேசின கடைசிப் பேச்சு அதுதான்.

இடைவேளை முடிந்து வந்த காட்சியில் பின்கட்டு, உப்பு மூட்டை, நானும் அவளும் உட்கார்ந்து பார்சல் கட்டுகிறோம். சீமையிலிருந்து வந்த மாதிரிக் கட்டு என்று அவள் சொன்ன அதே பேச்சு. தியேட்டர் சிரிக்கிறது, ஷெர்லினின் மாமியாரும் சிரிக்கிறாள். நான் முன்னால் இருந்த ஷெர்லினின் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவளும் முதலில் சிரித்தாள், தோள் குலுங்கிற்று. பிறகு அந்த நீல டப்பாவை எடுத்துக் காட்டினாய். காற்றாலைப் படத்தோடு, அதே நீலம். அதற்குப் பிறகு அந்தத் தலை அசையவே இல்லை. மாமியார் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு மெல்லத் திரும்பி மருமகளின் முகத்தைப் பார்த்தாள். கிளாடிஸ் என் கையைப் பிடித்திருந்தாள், விட்டுவிட்டாள். கிழக்கே இருக்கிற சூரியனைத் தூக்கி மேற்கே வைக்கத் தெரிந்தது உனக்கு, எலியை விரட்டத் தெரிந்தது, மீனுக்கு மஞ்சள் அடிக்கத் தெரிந்தது, ஒரு டப்பாவின் நிறத்தை மாற்றத் தெரியவில்லை. கடைசியில் உன் படத்துப் பெண் பிள்ளைக்கு உண்மை தெரிந்து, அவள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்து 'நீங்க ரெண்டு பேருந்தான் எனக்கு அப்பா' என்று சொல்ல எல்லாரும் கைதட்டினார்கள். அந்த வசனத்தை எழுதினவன் ஒரு பிள்ளை எதற்காக வாசலில் நின்றாள் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்திருப்பானா. விளக்குப் போட்டதும் உண்மையான ஷெர்லின் எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். ஓடிவரவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். 'டப்பாவுலயே இவ்வளவு பொய்யின்னா மத்ததுல எவ்வளவு இருக்கும், தாயும் மவளும் சேந்து எங்கள முட்டாளாக்கிட்டாளுவ' என்று மாமியார் சொன்னாளாம். நான் அந்த வீட்டுக்குப் போய், அவளுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள்தான் கட்டினோம் என்று சொன்னேன். 'கட்டுனவுக நீங்க, அப்பிடித்தான் சொல்லுவீக' என்று ஒரே பேச்சில் அனுப்பிவிட்டாள். ஷெர்லின் புருஷன் ஸ்டெபின் நல்ல பையன், சாயங்காலமானால் பைக்கைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு மனைவி இருக்கிற வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், உள்ளே போக அவனுக்கும் தைரியம் இல்லை, அம்மாவை எதிர்த்துப் பேசவும் தைரியம் இல்லை. இரண்டு நாள் கழித்துக் கிளாடிஸ் கடைக்கு வந்தாள். தீபாவளிக்கு நான் அதிரசம் போட்டு அனுப்பின தூக்குச்சட்டி அவள் கையில். கல்லாவில் வைத்து, 'கடைக்காரம்மா, ஒங்க சட்டி' என்றாள். ஒங்க என்றாள். நான் மூடியைத் திறந்தேன். தேய்த்துக் கழுவித் துடைத்து, ஒரு பொட்டு ஈரம்கூட இல்லாமல் இருந்தது. ஒரு உப்புக்கல் கிடக்குமா என்று விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் தெரு தாண்டிவிட்டாள். நேற்று மீன் வாங்கப் போனேன், கேட்ட விலைக்குக் கொடுத்தாள். என்னிடம் பேரம் பேசாமல் அவள் ஒரு மத்தி மீனைக்கூட விற்றதில்லை.

அதே நேற்றுச் சாயங்காலம் ஷெர்லின் கடைக்கு வந்தாள், சின்னப் பிள்ளையில் நின்ற அதே இடத்தில் நின்றாள். அனுசியாவும் அப்போது கடையில் இருந்தாள். 'கடை அத்தை, எல்லா வருசமுமா' என்று கேட்டாள். எல்லா வருஷமும் என்றேன். 'ஒண்ணுகூட அவரு அனுப்பலியா' என்றாள். இல்லை என்றேன். என் கையில் பொட்டலம் கட்டுகிற நூல் இருந்தது, அதைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, 'கார்டு எழுதுனது யாரு, படத்துல தபால்காரத் தாத்தா எழுதுதாரே, அது நெசமா' என்று கேட்டாள். என்னால் இன்னொரு பொய்யைக் கட்ட முடியவில்லை. பாலகணேஷ் என்றேன். 'கிளாஸுல பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, ஒங்கப்பா என்ன எழுதியிருக்காரு, வாசின்னு கேப்பான் அத்தை. நான் வாசிப்பேன். மறுபடியும் வாசின்னுவான்' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், போய்விட்டாள். இந்த இடம் வந்ததும் அனுசியா பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

ஆக, படத்தில் கிளாடிஸ் இருக்கிறாள், நான் இருக்கிறேன், அப்பா மீசையோடு இருக்கிறார், ஷெர்லின் டப்பாவோடு இருக்கிறாள், தராசுகூட இருக்கிறது, உன்னை மட்டும் காணோம். எங்கள் எல்லாரையும் வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு நீ எழுதினதை ஒரு கிழட்டுத் தபால்காரர் தலையில் கட்டிவிட்டாய். இதற்குத்தான் கதை, வசனம், இயக்கம் என்று மூன்று இடத்தில் பெயர் போட்டுக்கொண்டாயா. பத்திரிகையில் உன்னை மனித உறவுகளின் கலைஞன் என்று எழுதியிருப்பதை அனுசியா வாசித்துக் காட்டினாள், அதில் கருவாடு மடித்து ஒருவருக்குக் கொடுத்தேன்.

இப்போது நான் சொல்கிறதைக் கேள். பொங்கலுக்கு முந்தின நாள் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறு. ஒரு ராத்திரிப் பயணம்தான், நீயாக அதைக் கனடா தூரம் ஆக்கி வைத்திருக்கிறாய். இறங்கி நேரே நம் வீட்டுக்கு வராதே, வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன். திரேஸ்புரத்துக்குப் போய் ஷெர்லினிடம் எழுதியது நான்தான் என்று உன் வாயால் சொல், படத்துக்காக என்று ஆரம்பிக்காதே, சொல்லிவிட்டு அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நில். பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு அவள் மாமியார் வீட்டுக்குப் போ. அந்தப் பிள்ளை ஏமாற்றவில்லை, ஏமாந்தாள், ஒவ்வொரு எழுத்தையும் நம்பித்தான் வாசித்தாள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஆள் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான். நான் சொன்னால் கட்டினவள் சொல்கிறாள் என்பார்கள். நீ கேட்டவன், மறுபடியும் வாசி என்று கேட்டவன். அதை அந்த அம்மா முன்னால் சொல். அவள் திட்டினால் வாங்கிக்கொள், அழுதுகாட்டாதே, உன் படத்தில் எல்லாரும் போதுமான அளவு அழுதுவிட்டார்கள். கிளாடிஸ் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. கத்தியோடு வந்தால் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ஏசியிலேயே உட்கார்ந்திருக்காதே, ஊரிலிருந்து கொண்டுபோன கருப்பட்டி தீர்ந்திருந்தால் அப்பா அனுப்புவார். நான் எவ்வளவு திட்டினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், உனக்கு நல்ல ஆயுசும் கொஞ்சம் கூறும் அவன் கொடுக்கட்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அடுத்த படத்திலும் மீசை இருக்குமா என்று கேட்கச் சொன்னார், அதற்குப் பதில் எழுத வேண்டாம்.

முக்கியமான ஒன்று. இந்தக் கடிதத்தை என் தூக்குச்சட்டிக்குள் வைத்துத்தான் கூரியரில் அனுப்புகிறேன், யாருக்கும் வெறுஞ்சட்டி அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. மூடி இறுக்கமாக இருக்கும், வளைத்துவிடாதே. வரும்போது இதைக் கையோடு கொண்டுவந்து கிளாடிஸ் கையில் கொடு. உள்ளே என்ன போடுவது என்று என்னைக் கேட்காதே, கடையில் விற்கிற மைசூர்பாகை வாங்கிப் போட்டாய் என்றால் அவள் கடலில் எறிந்துவிடுவாள், நீயே யோசித்து நீயே செய்து போடு. நீ கடிதத்தை எடுத்தவுடன் சட்டி வெறுமையாகிவிடும். அதை அப்படியே கொண்டு வராதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
அ. சீனித்தாய்.